காவல் அறையில் ஒரு சாவு, வாட்ஸ்அப்பில் ஒரு டாக்கெட்: செய்தி போடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் நிருபர். இதுவரை எழுதியதெல்லாம் தண்ணீர் வெட்டு, காவடித் திருவிழா, பள்ளிக்கூட விழா, அவ்வளவுதான். சமீபத்தில் எங்கள் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் காவல் அறையில் ஓர் இளைஞர் இறந்துபோனார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்கிறது போலீஸ். போன வாரம் ஒரு போலீஸ் அதிகாரி அந்தச் சாவு பற்றிய டாக்கெட்டின், அதாவது போலீஸ் வழக்குக் கோப்பின், சில பக்கங்களைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பக்கத்து அறையில் அடைபட்டிருந்தவர், "அவனை அடித்தார்கள், சத்தம் கேட்டேன்" என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷன் கமாண்டர் மறைக்கிறார், மேலிடம் வரை தெரியும், இந்த வாரமே போடு என்று அந்த அதிகாரி விடாமல் சொல்கிறார். எடிட்டர் ஒரு நாள் போடலாம் என்கிறார், மறுநாள் வேண்டாம் என்கிறார். என் மாமா வேறொரு ஸ்டேஷனில் சார்ஜென்ட். அம்மா அழுகிறார். போடலாமா? யார் கொடுத்தது என்று கேட்டால் சொல்லியே ஆக வேண்டுமா? ஃபோனைப் பிடுங்கினால் என்ன செய்வது?
பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, இந்த வாரம் போடாதீர்கள். அதே சமயம் இந்த விஷயத்தைக் கைவிடவும் செய்யாதீர்கள். பத்திரிகைகள் அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்துச் சட்டச் சிக்கல் சொல்வது என் வேலை. அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் ஒன்றை யோசியுங்கள். "இந்த வாரமே" என்ற அவசரம் யாருக்கு? இறந்த பையனின் குடும்பத்துக்கு அந்த அவசரம் இல்லை, அவர்களுக்கு வேண்டியது உண்மை. உங்கள் பத்திரிகைக்கும் இல்லை. படம் அனுப்பிய அதிகாரிக்குத்தான் அது இருக்கிறது. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். மனசாட்சி உறுத்தி அனுப்பியிருக்கலாம். ஸ்டேஷன் கமாண்டர் பதவிக்கான போட்டியில் ஒரு பக்கம் நிற்பவராகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத வரை அவர் தந்த கெடு உங்கள் கெடு ஆகக் கூடாது.

நம் மாகாணத்தில் இப்போது இது சாதாரணக் கவலை இல்லை. 2025 ஜூலை 6-ஆம் தேதி குவாசுலு-நடாலின் காவல் ஆணையர் ம்க்வனாசி நிருபர்களைக் கூட்டி, காவல்துறை அமைச்சர் சென்சோ ம்சுனு மீதே குற்றம் சாட்டினார். அரசியல் கொலைகளை விசாரித்த தனிப்படையைக் கலைத்து 121 டாக்கெட்டுகளை எடுத்துப்போனார்கள் என்றார். அமைச்சர் அதை மறுத்தார். ஒரு வாரத்துக்குள் அவர் விடுப்பில் அனுப்பப்பட்டார், செப்டம்பரில் நீதிபதி மட்லாங்கா ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. காவல்துறைக்குள் ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் இப்படி வெளிப்படையாகச் சண்டை நடக்கும்போது காகிதங்கள் நிருபர்களைத் தேடி வரத்தான் செய்யும். உண்மையான காகிதமும் வரும், பாதி உண்மையும் வரும்.

இதற்கு டர்பனிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நம் பாட்டன்மார் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த அதே கேட்டோ மேனரில் இருந்த ஒரு போலீஸ் பிரிவைப் பற்றி, 2011 டிசம்பரில் சண்டே டைம்ஸ் ஒரு பெரிய செய்தியைப் போட்டது. அந்தப் பிரிவு ஒரு கொலைப்படை என்றது. படங்களோடு, முதல் பக்கத்தில். அதை வைத்து அதிகாரிகள் மீது வழக்குகள் வந்தன, பிரிவே கலைந்தது. 2018 அக்டோபரில் அதே பத்திரிகை, செய்தி சேகரித்த விதத்தில் பெரிய தவறு நடந்துவிட்டது, உள்நோக்கம் கொண்டவர்கள் எங்களைப் பயன்படுத்திக்கொள்ள விட்டுவிட்டோம் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2019-ல் அரசு வழக்கறிஞர் துறை அந்த வழக்குகளைத் திரும்பப் பெற்றது. இதை ஆராய பத்திரிகை ஆசிரியர்கள் சங்கமான சானெஃப், ஓய்வுபெற்ற நீதிபதி கேத்லீன் சாட்ச்வெல் தலைமையில் ஒரு குழு போட்டது. 2021-ல் அதன் அறிக்கை வந்தது. முடிந்தால் முழுவதும் படியுங்கள்.

அந்தக் கதையில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. போலீஸ் துப்பாக்கியால் இறந்தவர்கள் கற்பனை மனிதர்கள் இல்லை, அவர்களுக்கும் தாய் தகப்பன் உண்டு. ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக, பொறுமையாக யாராவது அன்றே விசாரித்து எழுதியிருந்தால், எது நியாயமான சுடுதல், எது கொலை என்று பிரித்துச் சொல்ல வழி இருந்திருக்கும். செய்தி ஒருவர் கையில் ஆயுதமானதும் அந்த வழி அடைபட்டுப்போனது. குடும்பங்களுக்கு விசாரணையும் கிடைக்கவில்லை, நம்பிப் படிக்கக்கூடிய ஒரு செய்தியும் மிஞ்சவில்லை.

சரி, அப்படியானால் அந்தப் பக்கங்களை என்ன செய்வது? படியுங்கள். எங்கே தேட வேண்டும் என்று அவை உங்களுக்குச் சொல்லும். ஆனால் அவற்றை வைத்து எழுதாதீர்கள். அதில் இருப்பது உண்மை என்றால், அந்த உண்மை வேறு இடங்களிலும் தடம் விட்டிருக்கும். அந்தத் தடங்களை நீங்களே போய் எடுத்தால், அவை சட்டப்படி உங்கள் கைக்கு வந்தவையாக இருக்கும்.

குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். உடலை அடையாளம் காட்டியவர் யார், என்ன பார்த்தார், மணிக்கட்டில், முதுகில், உள்ளங்காலில் ஏதாவது இருந்ததா, உடுப்பைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். அடக்கத்துக்கு முன் உடலைக் கழுவியவர்கள் யார் என்றும் கேளுங்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பெரியப்பா, சித்தப்பா முறையில் உள்ளவர்கள். அவர்கள் பார்த்ததை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், யாரும் அவர்களிடம் கேட்டும் இருக்க மாட்டார்கள். ஒரு வக்கீல் மூலமாகக் குடும்பம் உடற்கூறு அறிக்கையைக் கேட்டு வாங்க முயலலாம். அது வரும்போது, டர்பனில் அரசுப் பணியில் இல்லாத ஒரு தடயவியல் மருத்துவரிடம் காட்டி, இந்தக் காயங்கள் தூக்கில் வரக்கூடியவையா என்று கேளுங்கள்.

அடுத்தது ஸ்டேஷன் பதிவேடுகள். காவல் அறையில் ஆள் வந்ததும் பதிவாகும், ஒவ்வொரு முறை போய்ப் பார்த்ததும் சம்பவப் பதிவேட்டில் ஏறும். மணிக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது காவல்துறையின் சொந்த விதி. இரவு முழுவதும் சரியாக மணி அடிக்கும் நேரத்தில், ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் "எல்லாம் சரி" என்று எழுதியிருந்தால் அதுவே ஒரு கேள்வி. இவற்றை 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் தர 30 நாள். தரமாட்டார்கள், அல்லது விசாரணை நடக்கிறது என்பார்கள். மேல்முறையீடு செய்யுங்கள், அப்புறம் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போங்கள். மறுப்புக் கடிதமும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டிய காகிதம்தான்.

மூன்றாவது, எனக்கு இதுதான் மிக முக்கியம்: ஐபிட். காவல்துறையை விசாரிக்கும் சுதந்திரமான அமைப்பு. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி காவலில் நடக்கும் ஒவ்வொரு சாவையும் அது விசாரித்தே ஆக வேண்டும். 29-ஆம் பிரிவுப்படி, சாவு நடந்தது தெரிந்ததும் ஸ்டேஷன் உடனே ஐபிட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் அது குற்றம். ஆகவே ஐபிட்டின் மாகாண அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள்: எந்தத் தேதி, எந்த நேரத்தில் தகவல் வந்தது? விசாரணையாளர் சாவு நடந்த இடத்துக்கு நேரில் போனாரா? உடற்கூறு ஆய்வில் இருந்தாரா? இந்த மூன்றுக்கும் வரும் பதில் மட்டுமே ஒரு நல்ல செய்தி ஆகலாம், அந்த வாட்ஸ்அப் படங்களிலிருந்து ஒரு வரிகூட எடுக்காமல்.

ஐபிட் சொல்வதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2019-ல் டேனியல் நூட்சே என்ற நிருபர், ஐபிட்டில் வழக்குகளைச் சரியாக விசாரிக்காமலேயே முடித்ததாகக் கணக்குக் காட்டி இலக்கை எட்டியிருக்கிறார்கள் என்று ஆவணங்களோடு எழுதினார். தேசிய அளவில் காவல்துறையைக் கேள்வி கேட்டு எழுதுவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, கூச்சல் இல்லாத அவர் எழுத்தைத்தான் நான் இளம் நிருபர்களுக்குக் காட்டுவேன். அமைப்பின் சொந்தக் கணக்குகளை எடுத்து, அந்த அமைப்பின் முன்னாலேயே வைத்தார். இந்த நாட்டில் ஆண்டுக்கு 200-ஐ ஒட்டியோ தாண்டியோ பேர் போலீஸ் காவலில் இறப்பதாக ஐபிட்டின் ஆண்டறிக்கைகளே சொல்கின்றன. உங்கள் ஸ்டேஷனில் இதற்கு முன் எத்தனை? அதற்கும் அங்கேதான் தேட வேண்டும்.

இடத்தைப் போய்ப் பார்ப்பதும் ஓர் ஆவணம் தான். 2012 ஆகஸ்ட் 16-ல் மாரிக்கானாவில் போலீஸ் 34 சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றபோது, உலகம் பார்த்த வீடியோவில் இருந்தது முதல் இடம் மட்டும். சில நூறு மீட்டர் தள்ளி, சின்னக் குன்றின் பாறைகளுக்கு நடுவே 17 பேர் இறந்திருந்தார்கள். கிரெக் மரினோவிச் என்ற புகைப்படக்காரர் அங்கே போய், தடயவியல் ஆட்கள் உடல்கள் கிடந்த இடங்களில் பெயிண்டால் எழுதிவைத்த எழுத்துகளைப் பார்த்து, அந்தப் பாறை இடுக்கில் இருந்தவர்கள் போலீஸைத் தாக்க ஓடி வந்திருக்க முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த அதிகாரியும் உறையில் போட்டுக் காகிதம் கொடுக்கவில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் யாருமே கவலைப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் இருந்தாரே, அவர்.

நீங்கள் உங்களைப் பற்றியும் அதிகாரியைப் பற்றியும் மாமாவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வாக்குமூலத்தை நீங்கள் அச்சில் போட்டால் அன்றைக்கே ஆபத்துக்கு உள்ளாகிறவர் அவர்தான். பெயரை மறைத்தும் பயனில்லை. அன்றிரவு பக்கத்து அறையில் யார் இருந்தார் என்பது அந்த ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும். அவர் வெளியே வந்துவிட்டாரா, வெஸ்ட்வில் சிறையில் இருக்கிறாரா, இன்னும் அதே போலீஸார் கையில் இருக்கிறாரா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. மட்லாங்கா ஆணையத்தில் 'சாட்சி டி' என்ற பெயரில், ஒருவரைச் சித்திரவதை செய்து கொன்றது பற்றிச் சாட்சியம் சொன்னவர், 2025 டிசம்பரில் பிரக்பனில் சுட்டுக் கொல்லப்பட்டார். டர்பனின் ஃபீனிக்ஸில் வேர் உள்ள நம் பெண் பபிதா தேவ்கரன், கௌதெங் மாகாணச் சுகாதாரத் துறையில் நடந்த பணக் கையாடலைக் காட்டிக்கொடுத்ததற்காக 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இது பயமுறுத்தச் சொல்வது இல்லை. இந்த நாட்டில் சாட்சி எப்படி இறக்கிறார் என்று தெரிந்துதான் நாம் எழுத வேண்டும்.

ஆகவே எதையும் போடுவதற்கு முன், அவரிடமோ அவர் வக்கீலிடமோ பேசியாக வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் வாக்குமூலம் வேண்டாம். சம்மதித்தாலும் முதலில் வக்கீல், பிறகு ஐபிட், தேவைப்பட்டால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படியான சாட்சிப் பாதுகாப்பு, அதன் பிறகுதான் உங்கள் பத்திரிகை. இதில் என் கருத்து உறுதியானது. எடிட்டர் வேறு சொன்னாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, கொடுத்தவரைச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி. போலீஸ்காரர் ஃபோன் செய்து கேட்டால் சொல்லத் தேவையே இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் நீதிபதியோ மாஜிஸ்திரேட்டோ சம்மன் அனுப்பலாம், அப்போதும் நியாயமான காரணம் காட்டி மறுக்க இடம் உண்டு. நிருபர் தன் மூலத்தை, அதாவது தகவல் கொடுத்தவரை, காப்பாற்றுவது பொதுநலன் என்று 2012-ல் பொசாசா வழக்கில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சம்மன் கையில் வந்த பிறகு மட்டும் எந்தக் காகிதத்தையும், எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகிவிடும். அந்த நிமிடமே வக்கீலைக் கூப்பிடுங்கள்.

ஆனால் நிஜத்தில் மூலங்கள் பிடிபடுவது நீதிமன்றத்தில் இல்லை, ஃபோனில். வாட்ஸ்அப்பில் என்ன பேசினீர்கள் என்பது வெளியே தெரியாவிட்டாலும், யாரோடு எப்போது பேசினீர்கள் என்ற தடம் இருக்கும். ஃபோன் கம்பெனிகள் அழைப்புக் குறிப்புகளை வருடக்கணக்கில் வைத்திருக்கின்றன. 2010-ல் உளவுப் பிரிவினர் பொய்ப் பெயர்களைக் கொடுத்து நீதிபதியிடம் அனுமதி வாங்கி, இரண்டு சண்டே டைம்ஸ் நிருபர்களின் எண்களை ஒட்டுக்கேட்டார்கள். சாம் சோல் என்ற நிருபரின் ஃபோன் ஒட்டுக்கேட்கப்பட்டதை வைத்து நடந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம், நிருபர்களுக்கும் வக்கீல்களுக்கும் பாதுகாப்பு இல்லாத அளவில், ஒட்டுக்கேட்பை அனுமதிக்கும் ரீக்கா சட்டம் செல்லாது என்றது. தீர்ப்பு நல்லது, ஆனாலும் ஃபோனை நம்பாதீர்கள். அந்த அதிகாரியுடன் வாட்ஸ்அப்பை இன்றோடு நிறுத்துங்கள். பேச வேண்டுமானால் நேரில், ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு. படங்களை எந்தக் காரணத்துக்கும் பத்திரிகையில் போடாதீர்கள். மடிப்பு, முத்திரை, ஓரத்தில் தெரியும் விரல், எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அனுமதியின்றித் தகவல் கொடுக்கும் போலீஸ்காரருக்குக் காவல்துறைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவில் தண்டனை உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஃபோனைப் பிடுங்க வந்தால் வாரண்ட் கேளுங்கள். வாரண்ட்டைப் படம் எடுங்கள், அதிகாரியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இதில் பத்திரிகை மூலங்களின் தகவல் இருக்கிறது, நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை முத்திரையிட்டு வையுங்கள் என்று சத்தமாக, சாட்சிகள் முன் சொல்லுங்கள். கைகலப்பு வேண்டவே வேண்டாம். 2010 ஆகஸ்டில் அன்றைய தேசியக் காவல் ஆணையரின் 50 கோடி ராண்ட் கட்டடக் குத்தகையைப் பற்றி எழுதிய ம்சிலிகாசி வா ஆஃப்ரிக்காவை, சில நாளிலேயே அலுவலக வாசலில் வைத்துப் பிடித்துப்போனார்கள். வழக்கு நிற்கவில்லை. குத்தகை சட்டவிரோதம் என்று, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலராக இருந்த துலி மடொன்செலா சொன்னார், 2012-ல் ஆணையர் பதவி போனது. செய்தி காகிதத்தில் உறுதியாக நின்றது.

அவதூறு பற்றிச் சுருக்கமாக. குற்றவியல் அவதூறு 2024-ல் நீக்கப்பட்டது, ஆகவே அதற்காகச் சிறை இல்லை. நட்டஈடு வழக்கு வரலாம். 1998-ன் பொகோஷி தீர்ப்புப்படி, நியாயமான கவனத்தோடு விசாரித்து எழுதினீர்கள் என்று காட்டினால் அது தற்காப்பு. அதற்கு ஸ்டேஷன் கமாண்டருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள், பதிலுக்குப் போதிய நேரம் கொடுங்கள், அவர் சொன்னதை முழுவதுமாகப் போடுங்கள். குற்றம் சாட்டப்படாத எந்த அதிகாரியின் பெயரையும் இப்போது எழுதாதீர்கள். வக்கீல் செலவுக்கு உங்கள் பத்திரிகையிடம் பணம் இல்லையென்றால், டர்பனில் உள்ள லீகல் ரிசோர்சஸ் சென்டரையோ சானெஃபையோ இப்போதே கேட்டுவையுங்கள், சம்மன் வந்த பிறகு ஓட வேண்டாம்.

மாமாவிடம் எதுவும் கேட்காதீர்கள், எதுவும் சொல்லவும் வேண்டாம். அவர் மீது உங்களுக்குப் பாசம் இருந்தால் அதுதான் வழி. நாளை யாராவது கேட்டால் அவர் பொய் சொல்லாமல் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடிய வேண்டும். ஆனால் உறவு இருக்கிறது என்பதை எடிட்டரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் அழுகையை நான் லேசாக எடுக்க மாட்டேன். அவர் தலைமுறைக்கு நிறவெறி ஆட்சியின் ஸ்பெஷல் பிராஞ்ச் போலீஸ் என்றால் என்ன என்று தெரியும். 1977 ஆகஸ்டில் டர்பனில் பல் மருத்துவர் ஹூசேன் ஹஃபேஜி பிடிபட்டு, மறுநாளே பிரைட்டன் பீச் போலீஸ் அறையில் பிணமாகக் கிடந்தார். வயது 26. தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது போலீஸ், 1978-ன் மரண விசாரணையும் அதையே சொன்னது. உடலில் இருந்த காயங்கள் தூக்கோடு பொருந்தவில்லை. குடும்பம் விடவில்லை, மறுவிசாரணை நடந்து, 2023 செப்டம்பரில்தான் அது சித்திரவதை, கொலை என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாவோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அவருக்கோ எடிட்டருக்கோ சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தின் முகவரிக்குப் போகும்போதும் பகலில் போங்கள்.

கடைசியாக ஒன்று. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சாவு, வழக்கு எதுவும் போடப்படாவிட்டால், மரண விசாரணைக்காக மாஜிஸ்திரேட் முன் வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். டாக்கெட் வரவில்லை, மருத்துவர் வரவில்லை என்று தேதி தள்ளிக்கொண்டே போகும். ஒவ்வொரு தேதிக்கும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும், தள்ளிப்போனது என்றுகூட இரண்டு வரி எழுத வேண்டும். அதற்கான நாட்களை எடிட்டரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.